அமெரிக்காவில் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது? கவுண்டி பதிவேட்டில் தேடி நகல் வாங்குவது எப்படி

அமெரிக்காவில் வீட்டுக் கடனைக் கட்டி முடித்த பலர், இனி பேங்க்கிலிருந்து ஒரிஜினல் பத்திரம் தபாலில் வரும் என்று காத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பழக்கம் அது. கடன் வாங்கும்போதே தாய்ப் பத்திரம் முதல் கிரயப் பத்திரம் வரை வங்கியில் ஒப்படைப்போம். கடைசித் தவணை கட்டியதும் அந்தக் கட்டு திரும்பி வரும். அமெரிக்கப் பேங்க்கிடம் அப்படி ஒரு கட்டு இருப்பதில்லை. வீடு வாங்கிய சில வாரங்களில் பத்திரம் வாங்கியவர் கைக்கே வந்துவிடும். பெரும்பாலும் க்ளோசிங் காகிதங்களோடு, அதாவது வீட்டை வாங்கி முடிக்கும் நாளில் கையெழுத்திட்ட காகிதங்களோடு, ஏதோ ஒரு உறைக்குள் கிடக்கும். அது தொலைந்திருந்தாலும் வீடு போய்விடாது. ஏன் போகாது, நகல் எங்கே கிடைக்கும், அந்த நகல் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மொய் நோட்டும் கவுண்டி பதிவேடும்

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டப வாசலில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். வருகிற வரிசையில் ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொள்வார். கொடுத்தவர் அந்தப் பணத்தை எங்கே புரட்டினார், அது அவருடைய பணம்தானா என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். வந்ததை வந்தபடி, வரிசை மாறாமல் பதிவதுதான் அவர் வேலை. பிற்பாடு யார் என்ன செய்தார்கள் என்று தெரியவேண்டுமானால், நோட்டைப் புரட்டிப் பெயரைத் தேடுவோம்.

கவுண்டியின் பத்திரப் பதிவு அலுவலகம் செய்வதும் இதுதான். நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு கவுண்டி. பத்திரம் வந்ததும் அலுவலர் சில விஷயங்களை மட்டும் பார்ப்பார்: எழுத்து தெளிவாக இருக்கிறதா, நோட்டரி முத்திரை இருக்கிறதா, கட்டணம் சரியா, திருப்பி அனுப்பவேண்டிய முகவரி உண்டா. சரியாக இருந்தால் எண், தேதி, நேரம் போட்டு ஸ்கேன் செய்து, பெயர்களை அட்டவணையில் ஏற்றி, மூலத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். விற்றவருக்கு அந்த வீடு உண்மையிலேயே சொந்தமா என்று ஆராய்வது அவர் வேலை இல்லை. அதனால் போலிப் பத்திரமும் பதிவேட்டில் ஏறிவிட முடியும். பதிவாகிவிட்டது என்பதால் போலி அசலாகிவிடாது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டீட் என்பது பத்திரம், அதாவது உரிமையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கும் தாள். டைட்டில் என்பது அந்த உரிமையேதான். அது எந்தத் தாளிலும் முழுதாக அடங்காது. கவுண்டியில் கிடைப்பது டீட்டின் நகல். டைட்டிலுக்கு நகல் கிடையாது.

அப்படியானால் எதற்குப் பதிவு? ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்பதைத் தடுக்கத்தான். பதிந்துவிட்டால் ஊருக்கே அறிவித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அடுத்து வாங்க வருபவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. மாசசூசெட்ஸ் காலனி 1640-லேயே இதற்குச் சட்டம் போட்டது. இந்தியாவோடு ஒரு வேறுபாடு உண்டு. நம் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான நிலத்தை, வீட்டை விற்றால் பதிவு கட்டாயம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பதியாத பத்திரமும் எழுதிக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே செல்லும். மூன்றாம் ஆளிடம்தான் வலுவிழக்கும்.

பதிவேடு உரிமைக்கு உத்தரவாதம் தராததால் பிறந்த தொழில்தான் டைட்டில் இன்சூரன்ஸ், அதாவது உரிமையில் குறை வெளிப்பட்டால் இழப்பை ஈடுகட்டும் காப்பீடு. 1868-ல் பென்சில்வேனியாவில் நடந்த ஒரு வழக்கில், பதிவேட்டை ஆராய்ந்து கருத்துச் சொன்னவர் தவறியும் இழப்பை வாங்கியவரே சுமக்க நேர்ந்தது. அதன் பின்விளைவாக 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் டைட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்கியது. மினசோட்டா, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்ற சில மாநிலங்களில் சில நிலங்களுக்கு மட்டும் டாரன்ஸ் முறை உண்டு. அங்கே அரசே உரிமைச் சான்றிதழ் தருகிறது. மற்றபடி எங்கும் மொய் நோட்டுக் கணக்குதான்.

இதுவரை பார்த்தது: பத்திரம் வேறு, உரிமை வேறு. கவுண்டி வைத்திருப்பது வந்த பத்திரங்களின் வரிசையான பதிவு. அந்தப் பதிவு இருப்பதால்தான் கையிலுள்ள தாள் தொலைந்தாலும் பயமில்லை.

எந்த அலுவலகத்துக்குப் போவது?

வேலை ஒன்று, பெயர் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவிலும் ஒஹாயோவிலும் கவுண்டி ரெக்கார்டர். டெக்சாஸில் கவுண்டி கிளார்க். வட கரோலினாவிலும் மிச்சிகனிலும் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ். ஃபுளோரிடாவில் சர்க்யூட் கோர்ட் கிளார்க். ஜார்ஜியாவில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் மூன்றிலும் கவுண்டியே இந்த வேலையைச் செய்வதில்லை. அந்தந்த டவுன் கிளார்க்கிடம்தான் போக வேண்டும். ஹவாய் முழுமைக்கும் ஹோனலூலுவில் ஒரே அலுவலகம்.

முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை வைத்துக் கவுண்டியை ஊகிக்காதீர்கள். டெக்சாஸில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஃப்ரிஸ்கோ ஒரே ஊர்தான், ஆனால் காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. தெருவின் ஒரு முனையில் இருப்பவரின் பத்திரம் ஓர் அலுவலகத்திலும், சற்றுத் தள்ளி இருப்பவரின் பத்திரம் வேறோர் அலுவலகத்திலும் இருக்கலாம். சொத்து வரி பில்லில் கவுண்டியின் பெயர் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது நிச்சயமான வழி.

வரி அலுவலகத்தில் தொடங்குங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள்

இணையத்தில் முகவரியைப் போட்டால் உரிமையாளர் பெயரோடு ஒரு பக்கம் வரும். அதையே பத்திரம் என்று நினைத்து அச்செடுத்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது வரி மதிப்பீட்டு அலுவலகமான அசெசரின் பக்கம். டெக்சாஸில் அதற்கு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். யாருக்கு வரி பில் அனுப்புவது என்பதற்காக அவர்கள் வைத்திருக்கும் பட்டியல் அது. வீட்டு வரி ரசீதைக் காட்டி "இதுதான் என் கிரயப் பத்திரம்" என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லையே, அங்கேயும் அப்படித்தான். சமீபத்தில் கைமாறிய வீடாக இருந்தால் பழைய உரிமையாளரின் பெயரே மாதக்கணக்கில் அங்கே நிற்கும்.

ஆனால் தேடலைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. மூன்று விஷயங்களை இங்கிருந்து குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது பார்சல் எண். வரிக்காக ஒவ்வொரு மனைக்கும் கொடுத்திருக்கும் எண் இது, நம் சர்வே எண்ணைப் போல. இரண்டாவது உரிமையாளர் பெயர், எழுத்து மாறாமல். மூன்றாவது, இருந்தால், கடைசிப் பத்திரத்தின் குறிப்பு. அது "புக், பக்கம்" என்று இரண்டு எண்களாகவோ, டாக்குமென்ட் எண் என்ற ஒரே நீள எண்ணாகவோ இருக்கும். இந்த மூன்றாவது கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அடுத்த பகுதியைத் தாண்டி நேரே நகல் கேட்கப் போகலாம்.

பெயரால் தேடும் அட்டவணை

பத்திர எண் தெரியாவிட்டால் அட்டவணைக்குப் போக வேண்டும். நம் ஊரில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று போட்டால் அந்த நிலத்தின் மீது நடந்தவை வரிசையாக வந்துவிடும். அமெரிக்கக் கவுண்டி பொதுவாக அப்படி ஒரு சான்று தருவதில்லை. நெப்ராஸ்கா போன்ற சில மாநிலங்களில் நிலத்தை வைத்துத் தேடும் அட்டவணை உண்டு. மற்ற பெரும்பாலான இடங்களில் அட்டவணை ஆட்களின் பெயரில்தான் இருக்கிறது.

அதில் இரண்டு பட்டியல்கள். ஒன்று கிராண்டர் பட்டியல், மற்றது கிராண்டீ பட்டியல். நம் பத்திரங்களில் "எழுதிக் கொடுப்பவர்", "எழுதி வாங்குபவர்" என்று வருமே, அவர்கள்தான் இவர்கள். உங்கள் பெயரை எழுதி வாங்கியவர் பட்டியலில் தேடினால் உங்கள் பத்திரம் கிடைக்கும். அதில் எழுதிக் கொடுத்தவர் யார் என்று பார்த்து, அந்தப் பெயரை மறுபடி எழுதி வாங்கியவர் பட்டியலில் தேடினால் அதற்கு முந்தைய பத்திரம். இப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தால் கிடைப்பதுதான் செயின் ஆஃப் டைட்டில். தாய்ப் பத்திரம் வரை போவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

வில்லங்கம் பார்க்க அதே வழியில் திரும்பி முன்னோக்கி வர வேண்டும். ஒவ்வொரு உரிமையாளர் பெயரையும், அவர் வீட்டை வைத்திருந்த ஆண்டுகளுக்கு, எழுதிக் கொடுத்தவர் பட்டியலில் தேடுங்கள். அடமானம் வைத்தவர் பேங்க்குக்கு எழுதிக் கொடுத்தவர்தானே. அதனால் அவர் பெயர் அங்கே வரும். ஒவ்வொரு அடமானத்துக்கும் எதிரே அதை விடுவித்த பதிவு இருக்கிறதா என்று ஒன்றொன்றாக ஒட்டிப் பார்க்க வேண்டும். வரி பாக்கி, கோர்ட் தீர்ப்பு போன்ற சில வில்லங்கங்கள் வேறு அலுவலகங்களில் இருக்கக்கூடும். ஆகவே வீடு வாங்கும் முன் செய்யும் முழுத் தேடலை, பதிவேட்டை ஆராய்ந்து டைட்டில் இன்சூரன்ஸ் தரும் டைட்டில் கம்பெனியிடம் விடுவதே சரி. உங்கள் சொந்தப் பத்திரத்தைத் தேடி எடுக்க யாருடைய உதவியும் தேவையில்லை.

தமிழ்ப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கணினி அட்டவணை, பத்திரத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை மட்டும்தான் அறியும். லட்சுமியை ஆங்கிலத்தில் எக்ஸ் போட்டும் எழுதலாம், கே-எஸ்-எச் போட்டும் எழுதலாம். அட்டவணைக்கு அவர்கள் இரண்டு பேர். அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிட்டதால், முருகன் என்பவர் சுப்பிரமணியன் என்ற பெயரின் கீழ் போயிருப்பார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவர்களின் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று விழுந்திருப்பதும் உண்டு. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெயரின் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடுவது, முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் இடம் மாற்றித் தேடுவது, கணவர் பெயரில் கிடைக்காவிட்டால் மனைவி பெயரில் தேடுவது ஆகிய மூன்று வழிகளில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

சுருக்கமாக: வரிப் பக்கத்தில் குறிப்பு கிடைத்தால் அதை வைத்து எடுங்கள். கிடைக்காவிட்டால் எழுதி வாங்கியவர் பட்டியலில் பெயரைத் தேடுங்கள், எழுத்துகளை மாற்றி மாற்றி.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

கலிஃபோர்னியாவின் கிராண்ட் டீட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தின் வலது மேல் மூலை காலியாக விடப்பட்டிருக்கும். டாக்குமென்ட் எண்ணும் தேதியும் நேரமும் அங்கேதான் விழும். அந்த இடத்தில் எதுவும் இல்லையென்றால், கையில் இருப்பது பதிவுக்கு முந்தைய காகிதம். இடது மேல் மூலையில், பதிந்த பிறகு யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற முகவரி. கீழே பார்சல் எண்.

அதையடுத்து கைமாற்று வரி. கவுண்டி வரி 1,000 டாலருக்கு 1 டாலர் 10 சென்ட். 880 டாலர் வரி என்று இருந்தால் வீடு 8,00,000 டாலருக்குக் கைமாறியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சில நகரங்கள் தனியாக வரி போடும். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் விலை தப்பாக வரும். டெக்சாஸில் இப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை. அங்கே கைமாற்று வரியே கிடையாது. விலையைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. "பத்து டாலரும் இதர மதிப்புள்ள பிரதிபலனும் பெற்று" என்ற சம்பிரதாய வரிதான் இருக்கும். அதைப் படித்துவிட்டு, பத்து டாலருக்கு வீடு போயிருக்கிறதே என்று திகைக்க வேண்டாம்.

பத்திரத்தின் உயிர், சொத்தை விவரிக்கும் தபசிலில் இருக்கிறது. அங்கே அதை லீகல் டிஸ்க்ரிப்ஷன் என்பார்கள். புறநகர் வீடென்றால் லாட் எண், பிளாக் எண், மனைப்பிரிவின் பெயர், அந்த மனைப்பிரிவு வரைபடம் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது என்று வரும். பழைய கிராமப்புற நிலத்துக்கு, ஒரு மூலையில் தொடங்கி திசையும் தூரமுமாகச் சொல்லிக்கொண்டு அதே மூலையில் வந்து முடியும். விற்கப்பட்டது எது என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பகுதிதான். தெரு முகவரி பத்திரத்தில் இல்லாமலே இருக்கலாம்.

இன்னும் ஒரு வரியை நிறுத்திப் படிக்க வேண்டும்: எழுதி வாங்கியவர்கள் பெயருக்குப் பின்னால் அவர்கள் எப்படிச் சேர்ந்து வைத்திருக்கிறார்கள் என்று வருவது. ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்று இருந்தால், பொதுவாக ஒருவர் இறந்ததும் அவர் பங்கு மற்றவருக்கே சேரும். டெனன்ட்ஸ் இன் காமன் என்று இருந்தால் இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். கையெழுத்துப் போடும் நாளில் இதைக் கவனிக்காதவர்கள் ஏராளம்; நகல் எடுக்கும்போதாவது பாருங்கள்.

பத்திரத்தின் தலைப்பும் முக்கியம். வாரண்டி டீட் என்றால் எழுதிக் கொடுத்தவர் உரிமைக்கு உத்தரவாதம் தருகிறார். குவிட்கிளெய்ம் டீட் நம் விடுதலைப் பத்திரத்துக்கு நெருக்கமானது. "எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை விட்டுக்கொடுக்கிறேன்" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. குடும்பத்துக்குள் பெயர் சேர்க்க, நீக்க அது போதும். முன்பின் தெரியாதவரிடம் அதை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

நகல் வாங்குவது

நகல் இரண்டு வகை. சாதா நகல் நம் தகவலுக்கு. சான்றிட்ட நகல் என்பது கவுண்டியின் முத்திரையும் "இது பதிவேட்டின் உண்மை நகல்" என்ற சான்றும் கொண்டது. கோர்ட்டுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் இது வேண்டும். இந்தியாவில் காட்டவேண்டியிருந்தால் சான்றிட்ட நகலை வாங்கி அந்த மாநிலத்தில் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஏற்பதற்கான அரசுச் சான்று, போட வேண்டும். இதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது.

கட்டணம் சிறியது. டெக்சாஸில் பக்கத்துக்கு 1 டாலர், சான்றுக்கு 5 டாலர்: நான்கு பக்கப் பத்திரத்துக்கு 9 டாலர். ஃபுளோரிடாவில் பக்கத்துக்கு 1 டாலர், சான்றுக்கு 2 டாலர்: அதே பத்திரம் 6 டாலர். இணையத்தில் பார்ப்பது பல இடங்களில் இலவசம். மேரிலாண்ட், மாசசூசெட்ஸ் இரண்டுக்கும் மாநிலம் முழுமைக்குமான தளம் இருக்கிறது. நியூயார்க் நகரத்தின் ஏக்ரிஸ் தளத்தில் மன்ஹாட்டன், பிராங்ஸ், புரூக்ளின், குவீன்ஸ் பத்திரங்கள் 1966 முதல் கிடைக்கும். ஸ்டேட்டன் ஐலண்டுக்கு ரிச்மண்ட் கவுண்டி கிளார்க்கிடம் போக வேண்டும். கலிஃபோர்னியாவின் பல கவுண்டிகளில் இணையத்தில் அட்டவணைதான் தெரியும், பத்திரத்தின் படம் தெரியாது. நேரில் போனால் அங்குள்ள கணினியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்திரங்கள் பொது ஆவணம். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

தபாலில் கேட்பதானால் ஒரு தாளில் டாக்குமென்ட் எண் அல்லது புக்கும் பக்கமும், இரு தரப்புப் பெயர்கள், பதிவான தேதி, சாதா நகலா சான்றிட்டதா என்பதை எழுதி, செக்கையும் உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் சேர்த்து அனுப்புங்கள். பக்க எண்ணிக்கையை முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். செக் தொகை குறைந்தால் மொத்தமும் திரும்பி வரும்.

வீடு வாங்கிய சில வாரங்களில் அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் ஒரு தபால் வரக்கூடும்: பத்திரத்தின் நகலைப் பெற இத்தனை டாலர் அனுப்புங்கள், இந்தத் தேதிக்குள், என்று. அது தனியார் வியாபாரம். கட்ட வேண்டாம், அதே நகலைச் சில டாலருக்குக் கவுண்டியே தரும்.

எங்கே தடுக்கும்?

அதிகம் நடக்கும் தவறு பெயரால் வருவது. கலிஃபோர்னியா, டெக்சாஸ், வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் வீட்டுக் கடனுக்கான அடமான ஆவணத்துக்கு டீட் ஆஃப் டிரஸ்ட் என்று பெயர். அட்டவணையில் டீட் என்ற சொல்லைப் பார்த்ததும் அதைக் கேட்டுவிடுகிறார்கள். கையில் வருவது இருபது பக்கத்துக்குப் பேங்க் நிபந்தனைகள். உங்கள் பத்திரம் பொதுவாக இரண்டு முதல் நான்கு பக்கம்தான். வீடு வாங்கியபோது இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் அடுத்தடுத்த எண்களில் பதிவாகியிருக்கும், முதலில் பத்திரம், பிறகு அடமானம். ஆக, அடமானம் அகப்பட்டால் அதற்கு முந்தைய எண்ணைப் பாருங்கள்.

சில சொத்துகளுக்குத் தேடினாலும் பத்திரம் இருக்காது. நியூயார்க்கின் கோ-ஆப் அடுக்ககத்தில் வாங்குவது கம்பெனிப் பங்குதான்; டீட் எழுதுவதே இல்லை. உயில் வழியாகவோ வாரிசாகவோ வந்த வீட்டுக்குச் சங்கிலியின் அந்தக் கண்ணி புரோபேட் கோர்ட் கோப்பில் இருக்கும். வீட்டைக் குடும்ப டிரஸ்டின் பெயருக்கு மாற்றியிருந்தால் டிரஸ்டின் பெயரிலும் தேட வேண்டும். மிகப் பழைய பத்திரம் என்றால், அந்தக் கவுண்டி உருவாவதற்கு முன் நிலம் எந்தக் கவுண்டியில் இருந்ததோ அங்கே போக வேண்டும். 1871 தீயில் சிகாகோவின் பத்திரப் பதிவேடுகளும், 1906 நிலநடுக்கத் தீயில் சான் ஃபிரான்சிஸ்கோவுடையவையும் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

கடன் முடித்தவர்கள் தேட வேண்டியது வேறொரு தாள். பேங்க் தன் வில்லங்கத்தை நீக்கிக் கவுண்டியில் பதியும் விடுவிப்பு அது. கலிஃபோர்னியாவில் ரீகன்வேயன்ஸ், டெக்சாஸில் ரிலீஸ் ஆஃப் லியன், நியூயார்க்கிலும் ஃபுளோரிடாவிலும் சாடிஸ்ஃபாக்ஷன் ஆஃப் மார்ட்கேஜ். கடைசித் தவணை கட்டி மூன்று மாதம் கழித்து உங்கள் பெயரில் அட்டவணையைத் திறந்து, அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் இருந்தால் பேங்க்குக்கு அப்போதே எழுதுங்கள்; பத்து வருடம் கழித்து விற்கப்போகும்போது அந்தப் பேங்க் இன்னொன்றோடு இணைந்து பெயரே மாறியிருக்கலாம்.

அதே நாளில் இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். உங்கள் பெயரில் ஏதாவது பத்திரம் பதிவானால் மின்னஞ்சல் அனுப்பும் எச்சரிக்கைச் சேவையைப் பல கவுண்டிகள் இலவசமாக நடத்துகின்றன. அதில் பெயரைக் கொடுக்கும்போது பத்திரத்தில் உள்ள எழுத்துகளை முதலில் கொடுங்கள். பிறகு முன்பின் மாற்றிய வடிவத்தையும், மற்ற எழுத்துக்கூட்டல்களையும் தனித்தனியாகச் சேருங்கள்.